சீமெந்து ஹோலில் ஸ்டீரியோ செற் வைப்பது எப்படி

காலபோக நெல் வெட்டி முடிந்து, விலை கொஞ்சம் ஏறட்டும் என்று முப்பது சாக்கு நெல்லை ஹோலின் பின்சுவரோடு அடுக்கி வைத்திருந்தோம். அன்று இரவு செற்றைப் போட்டால் பாட்டு வேறு மாதிரிக் கேட்கிறது. அதே செற், அதே ஸ்பீக்கர் பெட்டிகள், அதே பாட்டு. பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் வந்து நிற்கிறார், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் "தும்" என்று விழுந்து உடனே நிற்கிறது, முன்பு போல அறை முழுக்க உருளவில்லை. பங்குனியில் லொறி வந்து நெல்லை ஏற்றிக்கொண்டு போனது, பாட்டும் பழையபடி தகரக் குரலுக்குத் திரும்பியது. அதுவரை நான் அம்ப் (அம்ப்ளிஃபயர்) சரியில்லை, ஸ்பீக்கர் சரியில்லை என்று காசு சேர்த்துக்கொண்டிருந்தவன். பிழை அறையில் இருந்திருக்கிறது.

எங்கள் வன்னிப் பக்கத்து வீடுகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. போர் முடிந்த 2009க்குப் பிறகு எழும்பியவை, இந்திய வீட்டுத்திட்டத்தில் வந்த 550 சதுர அடி வீடாக இருந்தாலும் சரி, வேறு உதவியில் கட்டியதாக இருந்தாலும் சரி, சீமெந்துக் கல்லுச் சுவர், பூசி இழைத்த நிலம், நாலு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு ரிவி மேசை. ஒலிக்கு இதைவிட மோசமான அறை கிடையாது, ஏனென்றால் சத்தத்தை உறிஞ்ச அங்கே ஒன்றுமே இல்லை. ஒரு நல்ல விசயம் என்னவென்றால் பல வீடுகளில் சீலிங் அடிக்கவில்லை, மேலே சாய்ந்த ஓட்டுக்கூரை. நிலமும் கூரையும் ஒன்றுக்கொன்று நேரே பார்த்துக்கொண்டு நிற்காதபடியால் சத்தம் மேலும் கீழுமாகத் தெறித்து விளையாடுவது குறைவு, சுவருக்கும் ஓட்டுக்கும் இடையிலான நீக்கலால் பேஸ், அதாவது தாழ்ந்த சத்தம், கொஞ்சம் வெளியே போய்விடும். சீலிங் அடிக்க யோசிப்பவர்கள் இதையும் ஒருக்கா யோசியுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ஆனால் பிளக்கைச் செருக முதல் அம்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வன்னியில் பாதிப் பேரின் செற் வெளிநாட்டிலிருந்து அண்ணனோ மாமாவோ அனுப்பியது. லண்டனிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வந்தால் கவலை இல்லை, அங்கேயும் இங்கே மாதிரி 230 வோல்ற்தான். கனடாவிலிருந்து வந்தால் அது 120 வோல்ற். எனக்கு வந்த முதல் அம்பை நான் பெட்டியைப் பிரித்த அதே நிமிடத்தில் சுவரில் செருகி, ஒரு "டப்" சத்தமும் கருகின மணமுமாக முடித்து வைத்தேன், கனடா அண்ணனுக்கு இன்றுவரை சொல்லவில்லை. பின்பக்கத்தில் 120 என்று மட்டும் எழுதியிருந்தால் 230ஐ 120க்கு இறக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்று வேண்டும், அதுவும் அம்ப் இழுக்கும் வாட்ஸைவிடக் கூடுதலாகத் தாங்கக்கூடியது. சிலவற்றில் 115/230 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை மாற்றினால் போதும். இசைத்தட்டுப் பிளேயர் அனுப்பியிருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: அங்கே கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. கரண்டின் ஹேர்ட்ஸை நம்பி ஓடுகிற பழைய மோட்டராக இருந்தால் ட்ரான்ஸ்ஃபோமர் போட்டாலும் தட்டு மெதுவாகத்தான் சுற்றும், பாடகி ஆம்பிளைக் குரலில் பாடுவார்.

இனி வயர். ஒவ்வொரு பெட்டியின் சிவப்பும் அம்பின் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு பெட்டியில் மாறிக் கொழுவினால் ஒன்றின் கோன் (ஸ்பீக்கரின் நடுவில் அசைகிற கூம்பு) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், பேஸ் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், குரல் நடுவில் நிற்காமல் தலைக்குள் எங்கோ மிதக்கும். பழைய பெட்டியாக இருந்து நிறம் தெரியாவிட்டால் 1.5 வோல்ற் பற்றறி ஒன்றை எடுத்து, அம்பிலிருந்து கழற்றிய வயரின் இரு முனைகளிலும் ஒரு கணம் மட்டும் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே துள்ளினால் பற்றறியின் பிளஸ் தொட்ட பக்கம்தான் பெட்டியின் பிளஸ். இரண்டு பெட்டிக்கும் இதைச் செய்து நூல் கட்டி அடையாளம் வையுங்கள். வயருக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கிற 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 5 மீற்றர் ஓடினால், போய்வரும் தூரம் எல்லாம் சேர்த்து 0.12 ஓம் அளவுதான் தடை, 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வளைந்து கொடுக்கும் பல இழை வயராக எடுங்கள், அவ்வளவுதான்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் முழுக் கதையும். பெரும்பாலான வீட்டில் ஒரு ஸ்பீக்கர் ரிவி மேசைக்கு மேலே, மற்றது அலுமாரிக்கு மேலே, அதுவும் சுவரோடு சுவராக. சிலர் ஒன்றை ஹோலிலும் மற்றதைக் குசினிப் பக்கத்திலும் வைத்து "வீடு முழுக்கக் கேட்கட்டும்" என்பார்கள். வீடு முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் ஒரு பெட்டியே போதும், ஸ்டீரியோ தேவையில்லை. ஸ்டீரியோ என்பதை 1931இல் அலன் புளும்லைன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தபோதே அதன் அடிப்படை இரண்டு காது, இரண்டு பெட்டி, அவற்றுக்கு இடையில் இல்லாத ஓர் ஆளை இருப்பதுபோலக் காட்டுவது. அந்த ஆள் வர வேண்டுமென்றால் நீங்களும் இரண்டு பெட்டிகளும் ஒரு சம முக்கோணத்தின் மூன்று மூலைகளில் இருக்க வேண்டும்.

என் ஹோல் 10 அடிக்கு 14 அடி. அதையே வைத்துச் சொல்கிறேன், உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டிகளைக் குறுகிய 10 அடிச் சுவர்ப் பக்கம் வையுங்கள், அப்போதுதான் உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் இடம் இருக்கும். இரண்டு பெட்டிக்கும் நடுவில், மையத்திலிருந்து மையத்துக்கு, 6 அடி. ஆக ஒவ்வொரு பக்கச்சுவரிலிருந்தும் 2 அடி. பெட்டிகளுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து கோன் வரைக்கும் இரண்டரை அடி. இந்த இரண்டரை அடிக்கு வீட்டில் சண்டை வரும், வரட்டும். சுவரோடு ஒட்டினால் பேஸ் வீங்கும், மூலைக்குள் தள்ளினால் இன்னும் வீங்கும், ஏனென்றால் பெட்டிக்குப் பின்னால் போகிற தாழ்ந்த சத்தத்தைச் சுவர் அப்படியே திருப்பி அனுப்புகிறது. அது பேஸ் கூடியதுபோல முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும், மூன்றாம் நாள் தலையிடிக்கும்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் ஒரு குறிப்பிட்ட சுருதியில் நேரே வரும் சத்தத்தை அழிக்கும். எங்கள் வெப்பத்தில் சத்தம் செக்கனுக்கு 1140 அடி அளவில் ஓடுகிறது. அதைச் சுவர்த் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் எந்தச் சுருதி அழியும் என்று தெரியும். 2 அடி என்றால் 142 ஹேர்ட்ஸ், 3 அடி என்றால் 95. கோனிலிருந்து பின்சுவரும் பக்கச்சுவரும் நிலமும் மூன்றும் சரியாக 2 அடியில் இருந்தால் மூன்று பேரும் சேர்ந்து ஒரே இடத்தில் குழி தோண்டுவார்கள், ஆம்பிளைக் குரலின் அடி அப்படியே காணாமல் போகும். அதனால்தான் பின்னால் இரண்டரை, பக்கத்தில் 2 என்று வேறு வேறாக வைக்கச் சொல்கிறேன். மூன்று தூரமும் ஒன்றாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், அங்குலக் கணக்கில் மண்டையை உடைக்கத் தேவையில்லை.

உயரம்: ட்வீற்றர், அதாவது மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர், நீங்கள் இருக்கும்போது உங்கள் காதுக்கு நேரே வர வேண்டும். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தால் என் காது நிலத்திலிருந்து மூன்றேகால் அடி, சாய்வு நாற்காலியில் என்றால் இன்னும் கீழே, நீங்களே அளந்து பாருங்கள். ஸ்ராண்ட் கடையில் வாங்க வேண்டியதில்லை. முற்றத்தில் வீடு கட்டி மிஞ்சின சீமெந்துக் கல் கிடக்கும், அதை நிறுத்தி அடுக்கி, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் நடுவில் சாந்து பூசி ஒட்டி விடுங்கள், விழுந்தால் கால் போய்விடும். என்னிடம் இருப்பது விழுந்த பனையில் அறுத்த இரண்டு குற்றி, ஒவ்வொன்றும் இரண்டு அடி, ஒருவராலும் லேசில் அசைக்க முடியாது. குற்றிக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய சைக்கிள் ரியூபில் வெட்டிய நாலு துண்டு. மர மேசையோ தகர றாக்கையோ என்றால் அதுவும் சேர்ந்து பாடும், அதுதான் பிரச்சினை.

கதிரைக்கு வருவோம். முதலில் எங்கே வைக்கக் கூடாது என்று சொல்கிறேன். அறை நீளத்தின் நட்ட நடுவில் வைக்கக் கூடாது, முதுகுப் பக்கச் சுவரோடு தலை முட்டவும் வைக்கக் கூடாது. 14 அடி நீள அறையில் 41 ஹேர்ட்ஸ் அளவில் ஓர் அலை இரண்டு சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டு நிற்கும் (1140ஐ நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்), 10 அடி அகலத்துக்கு 57 ஹேர்ட்ஸ். அந்த அலைக்குச் சுவரோரம் எல்லாம் பேஸ் பொங்கும், நடுவில் வற்றிவிடும். குளக்கட்டில் அலை மோதி எழும்புவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நம்பாவிட்டால் பேஸ் உள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு ஹோலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பாருங்கள், நாலு எட்டுக்குள் பேஸ் வந்து போய் வரும். 10க்கு 10 சதுர அறையென்றால் இரண்டு பக்க அலையும் ஒரே சுருதியில் சேர்ந்து இன்னும் கூத்தாகும், முடிந்தால் வேறு அறையைப் பாருங்கள்.

பொதுவாகச் சொல்லும் கணக்கு, உங்கள் முதுகுப் பக்கச் சுவரிலிருந்து அறை நீளத்தின் 38 வீதத்தில் உங்கள் தலை இருக்கட்டும் என்பது. 14 அடிக்கு அது ஐந்தேகால் அடி. அப்படி வைத்தால் என் காதுக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் 7 அடி அளவு தூரம், பெட்டிகளுக்கு இடையில் 6 அடி. முக்கோணம் கொஞ்சம் நீண்டுவிட்டது, பரவாயில்லை. ஆனால் இடம் வலம் தூரம் மட்டும் சரிசமமாக இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கண் மட்டத்தில் பார்த்து வைக்காமல், ஒரு நூலை எடுத்துக் கதிரையின் முதுகில் கட்டி இரண்டு பெட்டிக்கும் இழுத்துப் பாருங்கள். ஓர் அடி கடக்கச் சத்தத்துக்கு ஆயிரத்தில் ஒரு செக்கன்கூட எடுக்காது, ஆனாலும் முதலில் எந்தப் பெட்டிச் சத்தம் வந்து சேருகிறதோ அந்தப் பக்கத்துக்கே காது முழு ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டு இருவரும் சேர்ந்து கேட்டால் ஒருவருக்குத்தான் நடு கிடைக்கும். வீட்டில் யார் அந்தக் கதிரை என்பதை நீங்களே பேசித் தீருங்கள்.

பெட்டிகளின் முகத்தை முதலில் நேராக வையுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்புங்கள். இரண்டு பெட்டியும் உங்கள் தலைக்கு ஓர் அடி பின்னால் சந்திக்கிற மாதிரித் திருப்பினால் பெரும்பாலும் சரியாக வரும். அதிகம் திருப்பினால் பாடகர் நன்றாகக் குவிவார், ஆனால் பாட்டு பரந்து கேட்கிற மேடை சுருங்கும். சீமெந்துச் சுவர் வீட்டில் நான் திருப்பும் பக்கம்தான் சாய்வேன், பக்கச்சுவருக்குப் போகிற கூர்மையான சத்தம் அவ்வளவுக்குக் குறைகிறது.

பரிசோதிக்க என்ன போடுவது? உங்களுக்கு மனப்பாடமான குரல். தொண்ணூறுகளில் வன்னியில் கரண்டும் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, தைனமோவை ரயரில் அணைத்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற மற்றவர்கள் ரேடியோவுக்குக் காது கொடுத்தோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார். அப்படிக் கேட்டு வளர்ந்த காதுக்கு வானொலிக் குரல் ஒன்று எப்படி இருக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். மோனோவில், அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே சத்தம் வருகிற மாதிரி, பதிந்த பழைய குரல் ஒன்றைப் போடுங்கள். அது இரண்டு பெட்டிக்கும் நட்ட நடுவில், ஓர் ஆள் வாய் அகலத்துக்கு, வெறும் சுவரிலிருந்து வர வேண்டும். வரவில்லை என்றால் தூரம் சரியில்லை, அல்லது வயர் மாறியிருக்கிறது. பிறகு மிருதங்கமோ தவிலோ. தொப்பிப் பக்க அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா, அல்லது எல்லாம் ஒரே "கூம்" என்று ஓடுகிறதா? ஒரு சுருதியில் மட்டும் வீங்கினால் கதிரையை அரை அடி முன்னே பின்னே நகர்த்துங்கள், பிறகு பெட்டியை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் எது எதைச் செய்தது என்று ஒருநாளும் தெரியாது. நாதஸ்வரத்தைக் கடைசியில் போடுங்கள். அது காதைக் குத்தினால் குற்றம் அநேகமாகச் சுவரில்.

சுவரைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. அறை நடுவில் நின்று ஒருக்காக் கையைத் தட்டுங்கள். கிணற்றுக்குள் கத்தினதுபோல "ட்ர்ர்ர்" என்று வால் நீண்டால் இரண்டு வெறும் சுவர்கள் சத்தத்தைப் பந்தடிக்கின்றன. அடுத்தது கண்ணாடி: நீங்கள் கதிரையில் இருங்கள், பிள்ளை ஒன்று முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச்சுவரில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரட்டும், எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். சத்தம் முதலில் தெறித்து உங்களிடம் வருகிற இடம் அதுதான், அந்த இரண்டு இடத்தையும் மூடினாலே பாதி வேலை முடிந்தது.

எதால் மூடுவது? இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். பழைய சேலையைச் சுவரில் கட்டிவிட்டு "சரி செய்துவிட்டேன்" என்பார்கள். மெல்லிய துணி மிகக் கூர்மையான சத்தத்தை மட்டும் தின்னும், மீதியெல்லாம் அப்படியே இருக்கும், முடிவில் பாட்டு மங்கலாகவும் பேஸ் உருண்டபடியும் இருக்கும். தடிப்பு வேண்டும். நாலு அங்குலத் தும்பு மெத்தை ஒன்றை இரண்டாக வெட்டிப் பழைய பெட்ஷீற்றில் உறை தைத்து, சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் நீக்கி நிறுத்துங்கள். அந்த நீக்கல் வீண் இடம் அல்ல, அதே மெத்தை இன்னும் தாழ்ந்த சத்தத்தையும் பிடிக்கும். தென்னந்தும்பு எங்களிடம் மலிவு, உள்ளே காற்றுப் போகும், சத்தத்துக்கு அதுதான் தேவை. ரெஜிபோம் கட்டிகளால் பிரயோசனம் இல்லை, முட்டை அட்டைகளும் அப்படித்தான், பார்க்க ஸ்ரூடியோ மாதிரி இருக்கும், அவ்வளவே. நிலத்துக்குப் பெட்டிக்கும் கதிரைக்கும் நடுவில் பாய் விரியுங்கள், ஒரு பன்பாய் போதாது, கீழே பழைய போர்வை ஒன்றை இரண்டாக மடித்துப் போட்டு அதன்மேல் பாய். முதுகுப் பக்கச் சுவருக்குப் புத்தக அலுமாரி நல்லது, தடிப்பும் உயரமும் வேறு வேறான புத்தகங்கள் சத்தத்தைச் சிதறடிக்கும். புத்தகம் இல்லாதவருக்கு நெல் மூட்டை! ஆனால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும்.

பேஸுக்கென்றே தனியாக சப்வூஃபர் பெட்டி இருந்தால் வேடிக்கையான ஒரு வழி இருக்கிறது. அதைத் தூக்கி உங்கள் கதிரை இருக்கும் இடத்தில் வைத்து, பேஸ் தொடர்ந்து வரும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழுங்கள். பேஸ் எந்த இடத்தில் மிகத் தெளிவாகவும் சமமாகவும் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள், கதிரைக்குத் திரும்பி வந்தால் அதே பேஸ் உங்களுக்குக் கேட்கும். நான் தவழும்போது பக்கத்து வீட்டு அக்கா சீனி கேட்டு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார், கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். 80 ஹேர்ட்ஸ் அளவில் வெட்டுவது, அதாவது அதற்குக் கீழே உள்ளதைச் சப்புக்கும் மேலே உள்ளதைப் பெட்டிகளுக்கும் பிரித்து விடுவது, பெரும்பாலான சின்னப் பெட்டிகளுக்குப் பொருந்தும்.

வாட்ஸ் பற்றி ஒரு சொல். பெட்டியில் "5000 வாட்ஸ் பீஎம்பீஓ" என்று ஒட்டியிருந்தால் அதைப் படம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையான வாட்ஸை இரு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும், காதுக்குச் சத்தம் இரு மடங்காகத் தெரியப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 10க்கு 14 ஹோலுக்கு உண்மையான 20, 30 வாட்ஸ் தாராளம். கோயில் திருவிழாவுக்குக் கட்டுவது வேறு.

"உம்ம்" என்று 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வந்தால் அம்ப், ரிவி, கணினி எல்லாவற்றையும் ஒரே பிளக் கட்டையில் கொழுவிப் பாருங்கள், டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள், பல வேளை அதோடு போய்விடும். எர்த் பின்னை வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்று சில பெடியள் சொல்வார்கள். நிற்கலாம், ஆனால் அடுத்த முறை அம்பைத் தொடும்போது உங்கள் மூச்சும் நிற்கலாம், அந்த வேலை வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை நிறுத்தினால் போதாது, பிளக்கையே கழற்றுங்கள், டிஷ் வயரையும். அம்பின் மேல் காற்றுப் போகும் ஓட்டையை மூடவும் கூடாது, திறந்து கிடக்கவும் கூடாது, மெல்லிய நுளம்பு வலை ஒன்றைக் கட்டி விடுங்கள், பல்லிக்குச் சூடு பிடிக்கும், உள்ளே போய்க் கருகி அம்பையும் கொண்டு போகும். கோனைச் சுற்றி ஃபோம் விளிம்புள்ள பழைய பெட்டிகள் எங்கள் ஈரத்துக்கும் வெக்கைக்கும் சில வருடத்தில் உதிர்ந்துவிடும், வாங்கும்போது விரலால் மெல்லத் தொட்டு றப்பரா என்று பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் சரிவந்த அன்றே, பெட்டிக் குற்றிகளின் அடியையும் கதிரையின் நாலு காலையும் சுற்றி நிலத்தில் பெயின்றால் புள்ளி வைத்துவிடுங்கள். சோக்கட்டியால் வைத்தால் நிலம் துடைக்கும்போது போய்விடும், பிறகு மறுபடியும் நூலோடும் பிள்ளையோடும் கண்ணாடியோடும் முதலிலிருந்து.